ஐந்தாவது ரோல்ஸ்

ஜேர்மனியின் எசன் நகரத் தமிழ்ப் பள்ளியில் சந்திரகாந்தி இருபத்திரண்டு வருடங்களாகச் சனிக்கிழமைகளில் படிப்பித்து வந்தாள். அன்று அவளுடைய கைப்பையில் விலகல் கடிதம் இருந்தது. ஒரு மணிக்கு நிர்வாகி சுவாமிநாதன் வருவார். கொடுத்துவிட்டால் முடிந்தது.

முதல்நாள் சுலக்சனின் தாய் தொலைபேசியில் கேட்டதுதான் அதை எழுதவைத்தது. "உங்களிட்ட மூண்டு வருசம் படிச்சவன், அக்கா. அம்மம்மாவோட நாலு வசனம் தமிழில கதைக்க ஏலாமல் நிக்கிறான். அங்க என்னதான் செய்யிறியள்?"

அதற்கான பதிலைச் சந்திரகாந்தி இரவு முழுக்கத் தேடினாள்.

கூடப் படிப்பித்த பாலாம்பிகை இங்கே இருந்திருந்தால் பதிலே தேவைப்பட்டிருக்காது. வகுப்பு முடிந்ததும் இருவரும் ஆசிரியர் அறையில் பிளாஸ்கைத் திறந்து, சந்திரகாந்தி பொரித்துவரும் மரக்கறி ரோல்ஸைச் சாப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டு. ஐந்தாவது, அன்று அதிகம் அவமானப்பட்டவளுக்கு. அதை வெல்வதற்காகவே இருவரும் தங்கள் துன்பங்களை அள்ளிக் கொட்டுவார்கள்.

"தீபாவளிக் கதை சொல்லுறன், ஒண்டு கேக்குது, 'கிருஷ்ணர் நரகாசுரனைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் கேட்டு டேர்மின் எடுத்திட்டோ போனவர்?' எண்டு. இல்லையெண்டன். 'அப்ப உள்ள விட்டிருக்க மாட்டினம்' எண்டு புத்தகத்தை மூடிப்போட்டுது!" பாலாம்பிகை மூக்குக்கண்ணாடி நனையச் சிரித்துக்கொண்டே ரோல்ஸை எடுத்த மத்தியானம் இன்னும் கண்ணில் நின்றது. அழ வேண்டிய எத்தனையோ சனிக்கிழமைகள் அப்படித்தான் கரைந்தன.

பாலாம்பிகை மகளோடு பீலெஃபெல்ட் நகருக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. சந்திரகாந்தியின் கை மட்டும் பழக்கத்தில் ஐந்தையே பொரித்தது.

ஆசிரியர் அறைக் கதவு திறந்தது. சுலக்சனின் வகுப்பை இந்த வருடம் பொறுப்பெடுத்த யூட். டிராம் ஓட்டுவது அவன் வேலை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"இருங்கோ யூட். சாப்பிடுங்கோ."

இரண்டைச் சாப்பிட்டான். துணைக்கு அவளும் சாப்பிட்டாள். அவன் கை ஐந்தாவதை நோக்கிப் போனது.

"பொறுங்கோ! அதை வெல்லவேணும்." தன் குரல் அவளையே திடுக்கிட வைத்தது. பிறகு வழக்கத்தை விளக்கினாள்.

யூட் தலையைச் சொறிந்தான். "பிள்ளையள் ஒரே சத்தம், அக்கா. கோபத்தில வேலைப் பழக்கம் வாயில வந்திட்டுது. 'அடுத்த தரிப்பு, மத்திய நிலையம்!' எண்டு கத்திப்போட்டன். வகுப்பு கப்சிப்."

"நல்லதுதானே!"

"எங்க நல்லது? ஒருத்தன் பையோட எழும்பிட்டான். 'சேர், நான் இதில இறங்கிறன். என்னட்ட ரிக்கற் இருக்கு. கதவைத் திறவுங்கோ. வாற கிழமை இதே டிராமில வாறன்.' பின்னால நாலு பேர் வரிசையில!"

"தமிழிலயோ சொன்னவன்?"

"ஓம், தமிழிலதான்."

"ஆர் அவன்?"

"சுலக்சன்."

சந்திரகாந்தி விரல்களை மடித்து எண்ணினாள். நாலு. சரியாக நாலு வசனம். மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் யூட்டும் சேர்ந்துகொண்டான். தேடிய பதிலைக் கடவுள் ஒரு குறும்புக்காரப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்பியிருந்தார்.

"வெண்டிட்டியள், யூட்."

"வேலைக்கு நேரமாச்சு, அக்கா. கொண்டுபோறன்."

சுற்றிக் கொடுக்கக் காகிதம் வேண்டியிருந்தது. அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, ரோல்ஸை வைத்து இறுக்கிச் சுற்றினாள். எழுத்துகளின் மேல் எண்ணெய் பரவியது.

யூட் போன பிறகு சுவாமிநாதன் வந்தார். "ஏதோ தரவேணும் எண்டனீங்கள்?"

"ரோல்ஸ், அண்ணை. முடிஞ்சுபோச்சு. வாற கிழமை கூடப் பொரிச்சுக்கொண்டு வாறன்."

பிறகு சுலக்சனின் தாயை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.