கர்வாலிக்கு ஒரு கருவேல் கால்

எங்கள் சித்தூர் சபையின் மேஜை சீமையிலிருந்து கப்பலில் வந்த ஓக் மரம். ஞாயிறு வேதபாடத்தில் வரும் கர்வாலி மரம் இதுதான் என்று பழைய மிஷனரி சொல்லிப் போயிருந்தார். அதைக் கடித்துப் பார்த்த கரையான்கள் பல் வைத்தியரைத் தேடி வேலூர் போனதாகக் கேள்வி. அறுபத்தெட்டில் சுண்ணாம்பு அடிப்பதற்காக வெளியே தூக்கினோம், கை நழுவியது. கல்படி இரண்டாகப் பிளந்தது, மேஜைக்கு ஒரு கால் போனது.

அடுத்த வாரம் அதன் மேல்தான் என் மைத்துனர் ஜெபதாஸின் மகள் ஜெபமணி கல்யாணக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெபதாஸ் கோயில் மூப்பர் வேறு. "வேலூர் சம்பந்தி எதிர்ல மொண்டி மேஜையா? மானம் பூடும்" என்று பதறி, ஆசாரி உமாபதியிடம் அதே மரத்தில் கால் கேட்டார்.

உமாபதி காலைக் கொண்டுவந்து பொருத்தினார். மேஜை தேன் நிறம், கால் ஆட்டு ஈரல் நிறம்.

"இன்னா மரம்பா இது?"

"நீங்க சொன்ன கருவேலுதான். நல்லா வயிரம் பாஞ்சது."

"நான் கர்வாலின்னேன்யா."

"அதத்தானே நானும் சொல்லிக்கினு கீறேன்."

இந்தச் சண்டையில், தீட்டி ஈரத்தோடு மேஜையில் வைத்த உளியை உமாபதி மறந்துவிட்டார். எடுத்தால், உளி வடிவத்தில் கருநீலக் கறை. கனத்த உடம்புக்காரரான ஜெபதாஸ் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். திருப்பதி வரை அதிர்ந்திருக்கும்.

அவர் மனைவி கிருபாபாய் காளஹஸ்திக்காரி. கறையைத் தடவிப் பார்த்தாள். "எங்க ஊர்ல துணியில படம் எழுதற கறுப்பு இதானே. கடுக்காத் தண்ணில நனச்ச துணிமேல இரும்புத் தண்ணி பட்டா கறுத்துக்கும். இந்த மரத்துலயே துவர்ப்பு கீது. அந்தக் காலையும் பாருங்க."

உளியின் நீர் சொட்டிய கருவேல் காலிலும் அதே கறுப்பு.

மறுநாள் காளஹஸ்தி போனேன். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்த கறுப்பு ஒரு குடம் வாங்கி வந்தேன். அதன் நாற்றத்தில் டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ்ஸைப் பறக்கவிட்டார். மேஜை முழுக்கப் பூசி, காய்ந்ததும் எண்ணெய் தேய்த்தோம். நாலு காலும் ஒரே கறுப்பு.

கையெழுத்து முடிந்ததும் சம்பந்தி தியோடர் மேஜையைத் தடவினார். "கருங்காலிங்களா?"

ஜெபதாஸுக்குப் பொய் வராது. "இல்லீங்க. மூணு காலு கர்வாலி, ஒண்ணு கருவேல்."

"எது?"

"கண்டுபிடிங்களேன் பாக்கலாம்" என்றேன் நான்.

தியோடர் புதுக் கோட்டோடு மேஜைக்கடியில் நுழைந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை, பிறகு பாதி வேலூர். ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொண்டு "இதான், இதான்" என்றார்கள்.

"சம்பந்தி, மாப்பிள்ளைய மட்டுமாவது வெளிய அனுப்புங்க" என்றாள் கிருபாபாய். "பிரியாணி ஆறுது."