நூற்றிருபதுக்கு ஒன்று குறைவு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. தங்கை மகள் தொலைத்துவிட்ட சான்றிதழுக்கு நகல் கேட்டு ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவளின் முதுகுதான் தெரிந்தது. குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"அப்போ என்னோட ஒரு மணி நேரம் மத்தவங்களுக்கு அரை மணி நேரமா சார்?"

"லேப்னா அப்படித்தாம்மா. அடுத்தது யாரு?"

அடுத்தது நான்தான். ஆனால் அவள் நகரவில்லை. எனக்குக் கதை இப்படித்தான் வரும். முகம் வராது, தெரு வராது. யாரோ யாரையோ கேட்பார்கள். மிச்சத்தையெல்லாம் நான் இட்டுக்கட்ட வேண்டும். இட்டுக்கட்டியது கீழே.

2.

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு காலையில் அவள்...

(வேண்டாம். மழையை வைத்துத் தொடங்கினால் அவளை அழவைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.)

பதினொரு வருடங்களாக அந்தக் கணினி ஆய்வகத்தைத் திறந்து பூட்டுகிறவள் என்பதால் மாணவர்கள் அவளைச் சாவியக்கா என்றே...

இது பரவாயில்லை, இருக்கட்டும். சாவியக்கா. பகலில் ஆய்வக உதவியாளர். மாலை வகுப்பில் அதே துறையில் கணினி அறிவியல் மாணவி. பட்டம் வந்தால் ஆய்வகப் பொறுப்பாளர் பதவி அவளுக்கு. வராவிட்டால், கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட யாரோ ஒருவர் மேலதிகாரியாக வந்து உட்கார்வார். பட்டத்தை எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இது எட்டாவது வருடத்தின் கடைசிப் பருவம்.

3.

கொஞ்சம் கணக்கு. பயந்துவிடாதீர்கள், எனக்கே புரிந்தது.

பட்டம் என்பது நூற்றிருபது கிரெடிட். வாரம் ஒரு மணி நேரம், பதினைந்து வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். கணிதத்துக்கு இத்தனை, நிரல் எழுத இத்தனை, வலையமைப்புக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தாண்டாமல் அடுத்ததைத் தொட முடியாது. ஆய்வகம் மட்டும் வேறு கணக்கு: இரண்டு மணி நேரம் கையால் வேலை செய்தால்தான் ஒரு கிரெடிட். காதால் கேட்கிற நேரம் முழுசு, கையால் செய்கிற நேரம் பாதி.

சாவியக்கா வாரம் நாலு மணி நேரம் செய்து தேறிய ஓர் ஆய்வகப் பாடத்துக்கு இரண்டு கிரெடிட் இருந்தது. நடுவில் மாமியார் படுத்த படுக்கையானதில் ஒரு வருடம் நின்றுவிட்டுத் திரும்பியபோது புதிய பாடத்திட்டத்தில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். அதில் அந்தப் பாடம் இரண்டு மணி நேரம், ஒரே கிரெடிட்.

"நான் உக்காந்தது நாலு மணி நேரம் சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்காணிப்பாளர். கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்துக்கு வாக்கப்பட்டவர். "இருக்கலாம்மா. இப்போ அது ரெண்டு மணி நேரம். மொத்தம் நூத்திப் பத்தொம்பது."

4.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு முட்டுக்கட்டை வைக்கலாம் என்று நினைத்தேன். கணவன், பேருந்து ஓட்டுநர், "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று சொல்வதாக அரைப்பக்கம் எழுதினேன். அவளே குறுக்கே வந்தாள்.

"அவரை எதுக்கு இழுக்கறீங்க? எட்டு வருஷமா எனக்குச் சாப்பாடு கட்டித் தர்றதே அவர்தான்."

"கதைக்கு ஒரு எதிரி வேணுமேம்மா."

"எதிரியா? அந்த ஒண்ணு போதாதா?"

கிழித்துப் போட்டேன்.

5.

அந்தப் பருவத்தில் ஒற்றைக் கிரெடிட்டுக்கு, அவள் இதுவரை எடுக்காததாக இருந்தது ஒரே பாடம்: முதலாண்டு ஆய்வக அறிமுகம். திங்கள் பத்து முதல் பன்னிரண்டு. கணினியைத் திறப்பது, கேபிள் செருகுவது, கடவுச்சொல் மறந்தால் விழிப்பது. விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட, பதினொரு வருடமாக அதை நடத்திவந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அதுலயே சேர்றேன் சார். எப்படியும் அங்கதான இருக்கேன்."

"அது முடியாதும்மா. ஒரே மணி நேரத்துக்குச் சம்பளமும் கிரெடிட்டும் சேர்த்துக் குடுக்க முடியுமா? வேலையில இருந்தா அட்டென்டன்ஸ் கெடையாது. லீவு போட்டுட்டு வா. பதினஞ்சு வாரமும் வரணும், ஒண்ணு தவறினாலும் போச்சு."

அவள் லீவு படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள்.

"சரி சார்," என்றாள். "விதிப்படியே செய்வோம்."

6.

திங்கள், மணி பத்து. பூட்டிய ஆய்வகத்துக்கு வெளியே நாற்பது மாணவர்கள். நாற்பத்தொன்றாவதாக, புது நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி சாவியக்கா. வேலைக்கு வந்து இரண்டே மாதமான விரிவுரையாளர் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, கதவு..."

"சாவியக்கா லீவு சார்."

"இங்கதான நிக்கறீங்க!"

"நிக்கறது ஸ்டூடன்ட் சார். லீவு லெட்டரும் சாவிக்கொத்தும் ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். "அக்கா, நீங்க எங்க பேட்ச்சா?"

"ஆமா. ரெக்கார்டு நோட்டு கேட்டு யாரும் பக்கத்துல வராதீங்க."

கண்காணிப்பாளரே சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க வந்தார். சாவியில் அறை எண் இருந்தது, சாவி துளைக்குள் போனது, திரும்பவில்லை.

(உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கதவு இறங்கிவிட்டது. கைப்பிடிக்குக் கீழே இடது முழங்காலை வைத்து ஓர் எம்பு எம்பித் தூக்கினால்தான் சாவி திரும்பும். பழுது பார்க்கச் சொல்லி அவள் நாலு கடிதம் எழுதினாள். நாலும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.)

"எப்படிம்மா தொறப்பே?"

"அது வேலை நேரத்துல தெரியும் சார். இப்போ நான் கத்துக்க வந்திருக்கேன்."

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வகுப்பு நடக்கலேன்னா யாருக்கும் அட்டென்டன்ஸ் இல்ல. உனக்கும்தான். இதான் உன் கடைசிப் பருவம், ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. பத்து நாளாக அதைத் தவிர வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை. நாற்பது பிள்ளைகள் தன்னால் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உறுத்தியது. இடது முழங்கால் பழக்கதோஷத்தில் தானாகவே முன்னால் நகர்ந்தது. இழுத்துக்கொண்டாள். திறந்தால் அவள் வேலையில் இருக்கிறாள், பதிவேட்டில் இல்லை. திறக்காவிட்டால் பதிவேடே இல்லை.

7.

முதல் முடிவு: கண்காணிப்பாளர் மனமிரங்கி, "சரிம்மா, அந்த ஒண்ணைப் போட்டுத் தர்றேன்" என்கிறார். எழுதி அடித்துவிட்டேன். இரக்கப்பட்டுத் தருவதை வாங்குகிறவளாக இருந்தால் வரிசையில் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

இரண்டாவது: அவள் பெருமூச்சு விட்டு முழங்காலைக் கொடுக்கிறாள், எல்லோரும் உள்ளே போகிறார்கள், பதிவேட்டில் நாற்பத்தொன்றாவது வரி காலியாக. இதுதான் நடக்கும் என்பீர்கள். இருக்கலாம். அது தினமும் நடக்கிறது, அதற்கு நான் எதற்கு? என் பேனா அதற்கு வராது.

மூன்றாவதாக அவள் எல்லோரையும்...

இல்லை.

மணி பத்து இருபது. அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். விரிவுரையாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "அக்கா, நேரம் ஓடுது."

"ஓடட்டும் சார். லேப் நேரம்தான, பாதி வேகத்துலதான் ஓடும்."

சாவி இன்னும் துளையிலேயே தொங்குகிறது. அவள் வரிசையை விட்டு வர மாட்டாள், நானும் அவளை வரவழைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் அந்த ஆய்வகத்தில் வேலையும் பார்க்கவில்லை, பாடமும் படிக்கவில்லை. வரிசையைத் தாண்டி முன்னால் போக உங்களுக்கு யாரும் லீவு தர வேண்டியதில்லை.

இடது முழங்கால். கைப்பிடிக்குக் கீழே.