லிஃப்ட் சார் சொன்ன ‘கண்டிப்பா’

வாரத்தில் ஆறு நாள் அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு கம்பி வடங்களைத் தடவித் தடவிச் சோதித்துக்கொண்டிருப்பார். ஏழாம் நாள் அதே கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வேதக்கோயிலை ஒட்டிய அறையில் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பார். முதன்முறையாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கப்போகிற பிள்ளைகள் ஒன்பது பேர். எல்லோருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது. பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், இயேசுவின் பிறப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை, எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குள் அவர்களுக்குச் சொல்லி முடிக்க வேண்டும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் லிஃப்ட் சார்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். “விசுவாசம்னா என்ன? லிஃப்ட்டுல ஏறும்போது மேல வடம் இருக்கான்னு எட்டிப் பார்த்துட்டா ஏறுறீங்க? அதுதான்” என்பார்.

“நடுவுல நின்னுபோச்சுன்னா?”

“அதுக்குத்தான் நான் இருக்கேனே!”

வகுப்பே சிரிக்கும்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் கேள்விக்குறி. தெருமுனைச் சலவைக் கடைக்கார அம்மாவின் ஒரே மகள். தகப்பன் இல்லை. ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா, நோவா பேழைக்குள் கொசுவை எதற்கு ஏற்றினார், காணாமல் போன ஆட்டைத் தேடப் போன நேரத்தில் மற்ற ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று குடைந்து எடுப்பாள். சில கேள்விகளுக்கு அவருக்குப் பதில் தெரியாது. “அடுத்த வாரம் சொல்றேன்” என்று சமாளிப்பார். அடுத்த வாரம் அறைக்குள் கால் வைத்ததும் முதல் ஆளாக அவள் எழுந்து நிற்பாள்.

ஐந்தாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்தது, பிறகு விடவே இல்லை. ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அவள் இடம் காலியாகக் கிடந்த மூன்றாவது வாரம், அவர் எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவள் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணித் தொப்பியோடு படுத்திருந்தாள். அம்மா கட்டில் ஓரத்தில் நின்று துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“நான் பிழைச்சிருவேனா சார்?”

எட்டு ஜோடிக் கண்கள் அவர் பக்கம் திரும்பின. அம்மாவின் கை மடிப்பதை நிறுத்தியது.

“பிழைச்சிருவே.”

“கண்டிப்பாவா?”

 எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் தயங்கினால் அவர்கள் விசுவாசம் என்னாவது என்று பட்டது.

“கண்டிப்பா. நீ நம்பினா போதும். நாங்க எல்லாரும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உனக்காக ஜெபம் பண்றோம். ஒருத்தரும் தவற மாட்டோம். சரிதானே?”

பிள்ளைகள் பலமாகத் தலையாட்டினார்கள். அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேள்விக்குறி ஒரு பதிலுக்கு மறுகேள்வி கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அவள் இறந்துபோனாள். காலை பத்து மணி இருக்கும், அவர் ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். போனை வைத்துவிட்டு, திருகிக்கொண்டிருந்த நட்டைக் கடைசி வரை முறுக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அடக்கத்தின்போது கல்லறைத் தோட்ட வாசலில் அந்த அம்மா அவரைத் தாண்டித்தான் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துச் சலவைக் கடைக்குப் போனார். கடை திறந்திருந்தது. அந்த அம்மா ஒரு சட்டைக் கழுத்துப் பட்டியில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா...”

“வாங்க தம்பி. உங்க மேல கோபம்னு நினைக்காதீங்க.” பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “இல்ல, கோபம்தான். எதுக்கு மறைக்கணும்?”

அவர் நின்றார்.

“கடைசிக்குப் பத்து நாள் முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாரு. பேச வேண்டியதைப் பேசிக்கோங்கம்மான்னு. நான் போய்ப் பக்கத்துல உக்காருவேன். வாயைத் திறந்தா, அவ கையால என் வாயைப் பொத்துவா. ‘அழாதம்மா, அழுதா நம்பிக்கை இல்லேன்னு ஆயிரும். சார் கண்டிப்பான்னு சொல்லியிருக்காரு’ம்பா. வலி வந்தாலும் பல்லைக் கடிச்சுட்டுக் கிடப்பா. பயந்தாளா என்னன்னுகூட எனக்குத் தெரியல தம்பி. பதினாலு வருஷமா ஓயாம பேசின வாய். போறேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா. நானும் ஒரு வார்த்தை சொல்லல. உங்க ‘கண்டிப்பா’ குறுக்க நின்னுச்சு.”

வாடிக்கையாளர் ஒருவர் துணிமூட்டையோடு வந்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்து எண்ணத் தொடங்கினார். லிஃப்ட் சார் படியிறங்கி நடந்தார். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று பிறகு நினைவில்லை.

“வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு பேசிட்டேன்” என்றார் மனைவியிடம்.

மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஆறுதலுக்குத்தானே சொன்னீங்க?”

“அவளுக்கு ஆறுதலுக்கா? பசங்க முன்னாடி சார் தோத்துடக் கூடாதுன்னு சொன்னேன்.”

அவள் தட்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.  

போதகரிடம் போய், வகுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைக்கச் சொன்னார். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “விடுறதுன்னா விடுங்க. ஆனா அந்த எட்டு பேருக்கும் காரணம் சொல்லிட்டு விடுங்க. சொல்லாம போனா, கடவுளே ஓடிப்போயிட்டாருன்னு நினைப்பாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் போகாமல் பிள்ளைகள் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்க தோழி பிழைச்சிருவான்னு நான் சொன்னேன். கண்டிப்பான்னு சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்ல. கடவுள் கொடுக்காத வாக்கை நான் கொடுத்துட்டேன். தப்பு என்னோடது.”

ஒரு பையன் கேட்டான்: “அப்போ நாங்க ஜெபம் பண்ணினது வேஸ்ட்டா சார்?”

“இல்லேன்னு நம்புறேன். ஏன் கேட்டது நடக்கலன்னு எனக்குத் தெரியலடா.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண் திடீரென்று விசும்பினாள். கேள்விக்குறியின் பக்கத்து இருக்கைக்காரி.

“சார், நான் ஒரு நாள் தூங்கிட்டேன். பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டி. வந்து படுத்தவ, ஏழு மணிக்கு எந்திரிக்கல. ஒருத்தரும் தவற மாட்டோம்னு நீங்க சொன்னீங்க. அதனாலதான் செத்துட்டாளா சார்?”

 அந்த அம்மாவுக்குச் செய்தது ஒன்று. இந்தப் பிஞ்சு இந்தப் பாரத்தை இத்தனை நாளாகத் தனியாகச் சுமந்திருக்கிறது. எழுந்து போய் அவள் முன்னால் முழங்காலிட்டார்.

“இல்லம்மா. இல்லவே இல்ல. உன்னால இல்ல.”

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒலிவ மரத் தோட்டத்தில் இயேசு ஜெபம் பண்ணின கதையைச் சொல்லத் தொடங்கினார். சாவதற்கு முந்தின ராத்திரி இயேசு பயந்துபோய் மூன்று தரம் ஜெபம் பண்ணினார். இந்தப் பாடு எனக்கு வேண்டாம், முடிந்தால் எடுத்துவிடும் என்று தகப்பனாகிய கடவுளிடம் கேட்டார். எடுக்கப்படவில்லை. கூடவே விழித்திருக்கச் சொன்ன சீடர்கள் தூங்கிப்போனார்கள்.

“அவங்க தூங்கினதாலயா அவரு செத்தாரு?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்ல. அவங்க தூங்கினாங்க, அவ்வளவுதான். அவருக்கு வருத்தம் இருந்துச்சு. ஆனா, களைச்ச உடம்புன்னு அவருக்குத் தெரியும். உயிர்த்தெழுந்த பிறகும் அவங்களைத்தான் தேடி வந்தாரு.”

“அவரே கேட்டும் கிடைக்கலையா?” என்றான் அந்தப் பையன்.

“கிடைக்கல.”

 அந்தப் பெண் அவர் தோளில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அழுதார்கள். தங்கள் தோழிக்காக அவர்கள் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான்.

அவர் வகுப்பை விடவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் பிறகு வரவில்லை. கேள்வி கேட்ட பையனும் அதில் ஒருவன். அவர் வீடு தேடிப் போய்ப் பார்த்தார், வற்புறுத்தவில்லை. ஒல்லிப் பெண் வந்தாள். ஜெபத்தின்போது மட்டும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பாள். அவர் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார்.

வருஷக் கடைசியில் ஐந்து பேர் வெள்ளை உடுப்பில் பீடத்தின் முன் நின்றார்கள். உடுப்புகள் மடிப்புக் கலையாமல் அத்தனை அழகாக இருந்தன. சலவைக் கடை அம்மாதான் ஐந்து வீட்டுக்கும் ஆள் அனுப்பி, உடுப்புகளை வாங்கித் தன் கையாலேயே தேய்த்துக் கொடுத்ததாக மனைவி சொன்னாள். ஆனால் ஆராதனையில் அந்த அம்மாவைக் காணவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கடையில் ஏறினார்.

“நேத்து நீங்க வரலையே அக்கா.”

“வர முடியல தம்பி. இன்னொண்ணு எங்கன்னு கண்ணு தேடும்.”

முன்பென்றால் இதற்கு ஒரு வசனம் சொல்லியிருப்பார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அந்த அம்மா அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். அவர் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாவதைப் பார்க்காமல் அங்கேயே நின்றார்.

“அவளைப் பத்தி ஏதாவது பேசுங்க அக்கா” என்றார். “நான் கேக்குறேன்.”