ஊசிக்கு உயிர் கூட்டியது யார்?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் மாமியாருடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். சும்மா படிக்க மாட்டார், கையில் சிவப்புப் பேனா இருக்கும். நீங்கள் படிக்கப் போவது அவர் அடித்தது போக மிஞ்சியது. சில இடங்களில் அவர் அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன். என் பங்குக்கும் ஏதாவது வேண்டாமா?

மாமியார் மருமகள் கதை என்றதும் நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது தெரிகிறது. ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும், எங்களுக்குள் சண்டை கிடையாது. (ஒரே ஒரு சண்டை உண்டு. நான்காம் பகுதியில் வரும். அதற்காக நேரே அங்கே தாவாதீர்கள்.)

கதை பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் தனக்காக ஒரு வாள்சண்டை வீடியோ கேம் வாங்கி வந்தார். பேயும் பூதமும் கோட்டையும் நிறைந்த உலகம். அதில் நாமே ஓர் ஆளை உருவாக்கி, வளர்த்து, ராட்சசர்களோடு மோதவிட வேண்டும். இவர் முதல் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. திரும்பத் திரும்பச் செத்து, அந்த விளையாட்டைச் செய்தவர்களின் பரம்பரையையே திட்டிவிட்டுக் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் கன்ட்ரோலர் அவருடைய அம்மா கையில் இருக்கிறது.

"டேய், இதுல புதுசா ஒரு ஆளைச் செய்யணும்னா எங்க அழுத்தணும்?"

இதை எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாடு:

முதல் தொடக்கம். கணவனை இழந்த அந்த அறுபது வயதுப் பெண்ணின் தனிமைக்கு ஒரு வாள் துணையாக—

ஓரத்தில் சிவப்பில்: "அம்பத்தெட்டு."

"சரி அத்தை, வயசை மாத்திடறேன். தனிமை இருக்கட்டுமா?"

"தனிமை எங்கம்மா இருக்கு இந்த வீட்டுல? பாத்ரூமுக்குள்ள போனாக்கூட உன் புருஷன் வந்து கதவைத் தட்டி, 'அம்மா, இருக்கியா'ன்னு கேக்கறான்."

இரண்டாம் தொடக்கம். இருண்ட கோட்டையின் முன்னே அவள் நின்றாள். காற்றில் அவளது நீண்ட கூந்தல்—

"கூந்தலே கிடையாது. மொட்டை. நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூக்கை நீட்டலாம், கன்னத்தைக் குழிக்கலாம், கண்ணுக்கு ஊதா நிறம் கொடுக்கலாம். மற்றவர்கள் அங்கேயே அரை நாளைக் கழிப்பார்கள். அத்தை மொட்டைத் தலையைத் தேர்ந்தெடுத்தார், உடம்பை ஒல்லியாக்கினார், பெயர் கேட்ட இடத்தில் 'ஊசி' என்று அடித்தார். வேலை முடிந்தது.

2

விளையாட்டு தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்கள் தாண்டினால் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

எதிரிகளைக் கொல்லக் கொல்ல நம் ஆளுக்குப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைப் பலத்தில் போடலாம், உயிரில் போடலாம், சுறுசுறுப்பில் போடலாம். பலத்தில் போட்டால் கோடரி தூக்கலாம். உயிரில் போட்டால் நாலு அடி கூட வாங்கலாம். அத்தை எல்லாவற்றையும் சுறுசுறுப்பில் போட்டார். கையில் வளைந்த மெல்லிய வாள். உடம்பில் கவசம் கிடையாது, ஒரு சட்டையும் செருப்பும்தான்.

"அம்மா, ஒரு அடி பட்டாக்கூட செத்துடுவா," என்றார் இவர்.

"படாம இருந்தா?"

இதுதான் இந்த வகை வீராங்கனையின் சூத்திரம். அடியைத் தாங்குவது இல்லை, அடி விழும் இடத்தில் இல்லாமல் இருப்பது. அதற்கு உடம்பில் சுமை இருக்கக் கூடாது. குறிப்பிட்ட எடைக்குக் கீழே இருந்தால் ஊசி பூனைபோல உருண்டு எழுவாள். அதற்கு மேல் ஒரு தொப்பி கூடினாலும் அரிசி மூட்டைபோலப் பொத்தென்று விழுவாள்.

இன்னொன்றையும் அத்தையே கண்டுபிடித்தார். ராட்சசன் கத்தியை ஓங்கும்போது பின்னால் உருளக் கூடாது. பின்னால் போனால் அவனுடைய அடுத்த வீச்சு வந்து சேரும். ஓங்கிய கைக்கு அடியில், அவனை நோக்கியே உருள வேண்டும். அப்போது அவன் முதுகு நமக்குக் கிடைக்கும். இதைப் பழக அவர் எத்தனை தரம் செத்தார் என்று நான் எண்ணவில்லை. கோபமே இல்லாமல் செத்தார். "சரி, இப்படிப் போனா சாவோம்னு தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்து போவார்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: அத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். அந்தக் கார்களில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பார்.)

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாத்திரத்தை வாசகர்கள் நம்புவார்களா?

நல்ல வேலையில் இருக்கிற, வாய்த்துடுக்குள்ள, ஒரு குறையும் இல்லாத மாமியார். அவரிடம் இரக்கம் வர எதுவுமே இல்லை. எழுத்துக்காரிக்கு இது ஆகுமா? அதனால் அவருக்கு முட்டிவலி கொடுத்தேன். நிஜத்தில் ஓட முடியாதவர் திரையில் ஓடுகிறார், எவ்வளவு உருக்கம். பிறகு சுவரில் மாமனாரின் புகைப்படத்தை மாட்டி, அத்தையை அதன் முன்னால் பெருமூச்சு விட வைத்தேன்.

அத்தை படித்தார். பேனாவைத் தேடவில்லை. என்னையே பார்த்தார்.

"எனக்கு எப்பம்மா முட்டி வலிச்சுது?"

"சும்மா ஒரு இதுக்குத்தான் அத்தை."

"அவரு செத்தாரு, சரி, அழுதோம். உன் கதையில வந்து எதுக்கு மறுபடியும் சாவணும்? அவரும் பாவம் இல்லையா?" பிறகு பேனாவைத் திறந்தார். "எல்லாம் கவசம். கழட்டு."

கழற்றினேன். இந்தப் பகுதி ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

4

சண்டை.

ஒரு சனிக்கிழமை அத்தை வழக்கம்போல் விளையாட உட்கார்ந்தார். ஊசி உருண்டாள். பொத்தென்று விழுந்தாள். எதிரி நிதானமாக நடந்து வந்து குத்திவிட்டுப் போனான். மறுபடி உருண்டாள். மறுபடி பொத்.

அத்தை புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஊசிக்கு உயிர் கூட்டினது யாரு?"

"நான் இல்ல அத்தை."

"சட்டைக்கு உள்ள இரும்புக் கவசம் வேற போட்டிருக்கு. முட்டிவலி கொடுத்தவதானே நீ, இதையும் நீதான் பண்ணியிருப்ப."

எழுத்தில் ஒரு தரம் மாட்டிக்கொண்டால் வாழ்க்கையில் எல்லாப் பழியும் நம் தலையில்தான். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்க பொம்மையைத் தொட எனக்கென்ன வேலை இல்லையா?" என்று கேட்டேன். அவர், "வேலை இருந்தா கதையை முடிச்சிருப்பியே," என்றார். அது வலித்தது. நாள் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மாலையில் இவர்தான் வந்து நின்றார், உடைத்த கண்ணாடியை ஒளித்துவைத்த பையன்போல.

"நான்தாம்மா. நீ தூங்கினப்புறம் எடுத்து, சேத்து வெச்சிருந்த புள்ளியெல்லாம் உயிருல போட்டேன், கவசத்தையும் மாட்டினேன்."

"எதுக்குடா?"

"நீ செத்துச் செத்து விழறதைப் பாக்க முடியல."

அத்தை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தா, வண்டி நகராதுடா," என்றார். போட்ட புள்ளிகளைத் திரும்பப் பிரித்துப் போட ஒரு மருந்து உண்டு. அந்த விளையாட்டு முழுவதற்கும் ஒரே ஒரு குப்பிதான். அத்தை அன்றே அதை ஊசிக்குக் குடிக்கக் கொடுத்து, கவசத்தையும் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி சுறுசுறுப்பில் போட்டார்.

5

இதோடு கதையை முடித்திருக்கலாம். சின்னச் சிரிப்புக் கதையாக, வாரப் பத்திரிகையில் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கும். ஆனால் அடுத்த வாரமே அத்தை சாப்பாட்டு மேஜையில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

பயிற்சிப் பள்ளி நகரத்தின் இன்னொரு மூலையில் கிளை திறக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அத்தையைக் கேட்டிருக்கிறார்கள். அங்கேயே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடும் பார்த்தாயிற்று. அத்தை தனியாகப் போகிறார்.

"இங்க உனக்கு என்ன குறை?" என்றார் இவர்.

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

"பொறந்த வீட்டுல எங்கப்பா பூட்டுவாரு. அப்புறம் உங்கப்பா பூட்டினாரு. இப்ப நீ பூட்டற. ஒரு வீட்டை என் கையால பூட்டிட்டு வேலைக்குப் போயி, என் கையால திறந்துக்கிட்டு உள்ள வரணும். அவ்வளவுதான்."

"உள்ள விழுந்து கிடந்தா யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் அத்தை, குழம்பை ஊற்றிக்கொண்டே.

இந்த இடத்தில் நான் நடுநிலையான கதைசொல்லியாக இருக்க முயன்றேன். மகனின் பாசத்தை ஒரு பத்தியில், தாயின் சுதந்திரத்தை ஒரு பத்தியில்—

வேண்டாம். உண்மையைச் சொல்கிறேன். அவர் போவது எனக்கும் பிடிக்கவில்லை. என் எழுத்தை அடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? அவர் இல்லாத மேஜையை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சாவியைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நானும் அவர் கட்சிதான்.

6

போய்விட்டார். டிவியோடு விளையாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். இவர்தான் ஃப்ரிட்ஜை ஆள் வைத்து மாடியேற்றி, குழாயைச் சரி பார்த்து, எல்லாம் செய்து கொடுத்தார்.

தினமும் மாலையில் இவர் போன் செய்வார்.

"அம்மா, என்ன பண்ற?"

"இப்பத்தான் செத்தேன். இரு, இன்னொரு தரம் செத்துட்டுக் கூப்பிடறேன்."

போனைக் கீழே வைக்காமல், அது மறுபடி அடிக்கும்வரை இவர் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை விளையாட்டுக்குத்தான் என்று இவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

ஊசி நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது கடைசி ராட்சசன் மட்டும்.

7

ஒரு ஞாயிறு காலை அத்தை போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். எடுக்கவில்லை. இவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார், நானும் ஓடினேன். மூன்று மாடியும் ஏறி நின்றால் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை.

நான் தட்டக் கையைத் தூக்கினேன். இவர் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். புத்தம் புதிது, வெட்டிய பிசிறுகூடப் போகவில்லை.

"இது எப்ப?"

"ஃப்ரிட்ஜ் கொண்டுவந்த அன்னைக்கு. அம்மாகிட்ட சொல்லல. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

முடிவு, முதல் வகை. இவர் கதவைத் திறந்தார். டிவியின் முன்னால் அத்தை சரிந்து கிடந்தார். திரையில் ஊசி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு—

"என்னைக் கொன்னுட்டியா?" என்றார் அத்தை, பிறகு நான் கொண்டுபோய்க் கொடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. (பயப்படாதீர்கள். இதைப் படித்துத் திருத்தியவரே அவர்தான்.)

"ஒரு முடிவு வேணுமே அத்தை."

"அவன் என்னடான்னா உயிரைக் கூட்டறான், நீ உயிரை எடுக்கற. புருஷனும் பொண்டாட்டியும் முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

முடிவு, இரண்டாம் வகை. இவர் சாவியை மாடியிலிருந்து விட்டெறிந்தார். அம்மா கதவைத் திறந்து மகனைக் கட்டிக்கொண்டு—

"சினிமா," என்று எழுதி அடித்திருந்தார். "கீழ போறவன் மண்டையில விழுந்தா?"

"நிஜமா உள்ள என்னதான் நடந்துச்சு அத்தை?"

அத்தை சொன்னார். போன் ஓசை குறைத்தபடி சமையலறையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறது என்று டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தார். கடைசி ராட்சசனுக்கு நூலளவு உயிர்தான் பாக்கி. ஊசிக்கும் அப்படித்தான். அந்த விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, எழுந்து வந்தால் எல்லாம் போச்சு.

"உங்க கால் சத்தம் கேட்டுச்சு. கதவுக்கு அடியில நிழல் தெரிஞ்சுது. அப்புறம் சாவி பூட்டுல உரசுற சத்தம்."

"பயந்துட்டீங்களா?"

"ராட்சசனுக்குப் பயப்படல. அந்தச் சாவி திரும்பிடுமோன்னு பயந்தேன். திரும்பிட்டா, அப்புறம் இது என் வீடு இல்ல."

இவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும், பக்கத்திலேயே நின்றேன். ஒரு பக்கம் முழுக்க அதை எழுதியும் காட்டினேன். நன்றாக வந்திருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அத்தை அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, மூலைக்கு மூலை ஒரே கோடாக இழுத்தார்.

"தப்பா எழுதிட்டேனா அத்தை?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு. ஆனா போடாத. போட்டா, என் பிள்ளையை நல்லவன்னோ கெட்டவன்னோ சொல்லிட்டு எல்லாரும் தூங்கப் போயிடுவாங்க. படிக்கிறவங்களுக்கும் அம்மா இருப்பாங்கல்ல? பிள்ளை இருக்கும்ல? அவங்களே வந்து நிக்கட்டும் அந்தக் கதவு முன்னாடி."

ஆகவே இவர் சாவியைப் பூட்டில் வைத்தபடி நிற்கிறார். உள்ளே ராட்சசன் கத்தியை ஓங்கிவிட்டான். நீங்கள் படியேறி வாருங்கள். இடம் கொஞ்சம் குறுகல்தான், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.