ராஜகோபாலின் ஏழாம் இணைப்பு

1

இக்கதை, இரும்புலியூரில் உள்ள எங்கள் சபையின் அலுவலக அறையில், நேற்று மாலை ஒரு கோப்பின் ஏழாம் இணைப்பைப் புரட்டியபோது பிறந்தது. இன்று காலை பத்து மணிக்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும். இப்போது மணி ஏழேகால்.

தாம்பரத்தின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கதிர்களை

(இதைக் கைவிடுகிறேன். ஜி.எஸ்.டி. சாலைப் புகைக்கு நடுவே பொற்கதிர் எதையும் நான் கண்டதில்லை. காணாததை எழுதக் கூடாது என்று முப்பத்தோராண்டு கற்பித்தவன் நான். அவ்விதியை நானே மீறிய கதை இது.)

2

சபை, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு இரண்டு தளங்கள் கொண்ட கூடம் ஒன்று கட்டவிருக்கிறது. ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்பதற்கு முன்னர், விலை சொல்லத் தகுதியுள்ளவர் யார் என்று வடிகட்ட வேண்டும் என்றாள் ஹெப்சி. பாலம் கட்டும் நிறுவனமொன்றில் பொறியாளர் அவள். எங்கள் கட்டடக் குழுவில் இளையவள். அவ்வடிகட்டலுக்கு முன்தகுதித் தேர்வு என்று பெயராம். படிவத்தையும் அவளே தயாரித்தாள். (அதில் பதினோரு ஒற்றுப்பிழைகள். அனைத்தையும் திருத்திக் கொடுத்தேன். மூன்றாம் விதியில் பிழையே இல்லை. ஆகவே அதைப் பற்றி நான் சிந்திக்கவுமில்லை.)

மூன்றாம் விதி: விண்ணப்பிப்பவர் பள்ளி போன்ற பொதுக்கட்டடம் ஒன்றையேனும் கட்டி, உரிமையாளரிடம் நற்சான்று பெற்றிருக்க வேண்டும்.

விண்ணப்பித்தோர் இருவர். ராஜகோபாலின் கோப்பை மேசைமேல் வைத்தபோது தேநீர்க் குவளைகள் அதிர்ந்தன. கீழ்க்கட்டளையிலிருந்து நேரில் வந்த தமிழினியின் கோப்பில் நான்கே தாள்கள்.

"என்னம்மா, கல்யாணப் பத்திரிகைகூட இதவிட கனமா இருக்கும்," என்றார் செயலர் ஆபேல். "பதினாலு வீடு கட்டிருக்கேன்னு சொல்ற. ஒரு சர்டிபிகேட்கூடவா இல்ல?"

"வூடு கட்டிக் குடுத்தா சாவிய வாங்கிக்கினு போய்டுவாங்க சார். சர்டிபிகேட்டு யாரு குடுப்பா? வேணும்னா ஒரு மழ நாள்ல வாங்க. பதினாலு வூட்லயும் அண்ணாந்து பாத்துட்டு வரலாம்."

"அதுக்கு ஃபார்ம்ல எடம் இல்லியேம்மா."

அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

3

இங்கே ஒரு தலைமையாசிரியரைப் படைக்க வேண்டியிருக்கிறது. அந்தோணிசாமி என்று பெயரிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளி. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் ராஜகோபால் அங்கே இரண்டு வகுப்பறைகள் கட்டினார். முதல் மழையிலேயே எட்டாம் வகுப்பு மாணவர்கள் குடை பிடித்துப் பாடம் கேட்டனர். (மிகையன்று. ஏழு குடைகள்.)

ராஜகோபாலின் கலவை இயந்திரமும் இரும்புத் தகடுகளும் விளையாட்டுத் திடலை அடைத்துக் கிடந்தன. விளையாட்டு விழாவுக்கு நான்கு நாள்களே இருந்தன.

"ஒழுகுதேய்யா," என்றார் அந்தோணிசாமி.

"புதுக் கட்டடம் கொஞ்சம் தண்ணி குடிக்கும் சார். குடிச்சிட்டு அதுவே அடங்கிடும். நல்லபடியா ரெண்டு வரி எழுதிக் குடு சார், நாளைக்கே சாமானத் தூக்கிக்கினு பூட்றேன்."

பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. அடங்காத மாணவனின் மாற்றுச் சான்றிதழில் "நடத்தை: நன்று" என்றே எழுதுவோம். தீது என்று எழுதினால் வேறெந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்காது. அவன் நம்மிடமே இருந்துவிடுவான். அவன் எவ்வளவு விரைவில் போக வேண்டுமோ, சான்றிதழில் அவன் நடத்தை அவ்வளவு நன்று. அந்தோணிசாமி கைப்பழக்கத்தால் எழுதினார்: "பணி முழு மனநிறைவளித்தது. நடத்தை மிக நன்று." மறுநாள் திடல் காலியாயிற்று.

4

இப்பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவர்க்குக் கத்தோலிக்கப் பெயர் எதற்கு? (பழி பக்கத்துக் கோயிலுக்குப் போகட்டும் என்பதற்கு.)

அவரை நீக்கிவிடுகிறேன். ராஜகோபாலின் கோப்பில் ஏழாம் இணைப்பாக இருந்தது அந்த நற்சான்றுதான்; அதன் அடியில் இருந்த கையொப்பம் ஜீவரத்தினம். அது நான்.

ஆபேல் அதைக் கண்டு மகிழ்ந்தார். "நம்ம சாரே குடுத்திருக்காரு. அரை மார்க்குக்கு அரை நாள் யோசிக்கிற மனுஷன். இதுக்கு மேல என்ன வேணும்?"

அக்கணமே நான் எழுந்து நின்று

(இல்லை. தேநீரைக் குடித்தேன்.)

5

ஹெப்சி மட்டும் படிவத்தின் கடைசிக் கட்டத்தைச் சுட்டினாள். சான்று அளித்தவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்ய வேண்டுமாம்.

"அவரு எதிர்லதானம்மா உக்காந்திருக்காரு," என்றார் ஆபேல்.

"இங்க அவரு கமிட்டி மெம்பர் அங்கிள். நான் ஹெட்மாஸ்டர்கிட்ட கேக்கணும். நாளைக்கு காலைல பத்து மணிக்குப் போன் பண்றேன்." என் பக்கம் திரும்பினாள். "வீட்ல இருப்பீங்கல்ல சார்?"

"இருப்பேன்மா."

"ஒரே கேள்விதான் சார். வேலை திருப்தியா இருந்துச்சா, இல்லையா."

அவள் சிரிக்கவில்லை. என் குவளை காலியாகி நெடுநேரமாகியும் அதை நான் கீழே வைக்காததை அவள் கவனித்திருக்கலாம்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. "திருப்தி" என்கிறேன். என் பெயர் தப்புகிறது. ராஜகோபால் கூடம் கட்டுகிறார். அடுத்த ஐப்பசியில் அறுபது பிள்ளைகள் அக்கூரையின்கீழ் அமர்கின்றனர். ஒழுகுவதோடு அது நின்றுகொள்ளும் என்று நம்ப வேண்டும்.

ஆ. "இல்லை" என்கிறேன். ராஜகோபால் விலக்கப்படுகிறார். ஜீவரத்தினம் பொய்ச்சான்று கொடுத்தவர் என்று ஞாயிறு ஆராதனைக்குள் சபை முழுவதும் அறிகிறது. மூன்றாம் விதியை மாற்றினாலன்றித் தமிழினி உள்ளே வர இயலாது. மாற்றுங்கள் என்று நான் சொன்னால், அப்போது யார் கேட்பார்?

இ. கைப்பேசியை அணைத்துவிடுகிறேன். (என் மாணவன் ஒருவன் இம்முடிவை எழுதியிருந்தால் வகுப்பிற்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.)

மணி பத்து. ஒலிக்கிறது. எடுத்துவிட்டேன்.

"ஹெட்மாஸ்டர் ஜீவரத்தினம் சாரா?"

முன்பின் அறியாதவரிடம் கேட்பதுபோல் கேட்கிறாள். "ஆமாம்" என்றேன். அது உண்மை. அடுத்த கேள்வியையும் அவள் கேட்டுவிட்டாள்; காத்திருக்கிறாள்.

எழுதிக்கொண்டிருக்கும் வரையில் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால், தாள் முடிகிறது. நான் என்ன சொல்ல வேண்டும் என்பது நம் இருவர்க்கும் தெரியும், வாசகரே. என்ன சொன்னேன் என்பதை, என்னை இவ்வளவு தூரம் படித்த நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.