துப்ப மறந்த லிங்கசாமி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சிவனே என்று வர்க்கி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து, "மைதாங்க அது. வெசம்" என்றார். கேட்டேனா? அவரை அடிக்க முடியாது, எழுதத்தான் முடியும்.

முதல் வரி: 'பனிமூட்டம் மெல்ல மலையைத் தழுவ...' வேண்டாம். பனி தழுவாத குன்னூர்க் கதையை எவர் எழுதியிருக்கிறார்? நேராக ஆளுக்கே போய்விடலாம்.

2

லிங்கசாமிக்கு டீ ஃபேக்டரியில் ருசி பார்க்கும் வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளில் கரண்டியால் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிடுவார். விழுங்கக் கூடாது. இலை எங்கே சொதப்பியது, அடுப்பு எப்போது புகைந்தது எல்லாம் அந்த நாக்குக்குத் தெரியும்.

அவருக்குத்தான் சர்க்கரை ஏறிவிட்டது. "மூணு மாசம் சாப்பாட்டச் சரிபண்ணிப் பாருங்க. எறங்கலைன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர். எப்படிச் சரிபண்ணுவது என்று அவர் வாயெடுப்பதற்குள் லிங்கசாமி வெளியே வந்து செல்போனைத் திறந்துவிட்டார்.

(சிரிப்பவர்கள் தங்கள் செல்போனையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.)

3

செல்போனில் கிடைத்தவர் தனசிங். மசினகுடியில் ரிசார்ட், ஊரெல்லாம் உணவுமுறை வாட்ஸாப் குழு. தொப்பை முதலில் வரும், அவர் பின்னால் வருவார். "ஆதிமனுசன் இட்லி தின்னானா?" என்று கேட்பார். (வாட்ஸாப் பார்த்தானா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.) அவர் உத்தரவுப்படி லிங்கசாமி நடுப்பகல் வரை பட்டினி. விடிந்ததும் பச்சைப் பூண்டும் இஞ்சியும் அரைத்த சாறு மட்டும் ஒரு டம்ளர்.

சாறு நாக்கைச் சுட்டது. பசி வயிற்றைப் பிடுங்கியது. ஒருநாள் காலை, உறிஞ்சிய டீயைத் துப்ப மறந்து மடக்கென்று விழுங்கினார். ஐயோ, எவ்வளவு இதமாக இருந்தது! அடுத்த கோப்பையையும் விழுங்கினார். வரிசை முடிவதற்குள் எது எந்த டீ என்றே நாக்குக்குத் தெரியவில்லை. புகைவாடை அடித்த டீயைப் பிரமாதம் என்று அனுப்பிவிட்டார். வாங்கியவர் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா மூட்டை தைக்கப் போயிருங்க, லிங்கசாமி" என்றார் மேனேஜர் கொர்னேலியஸ். "நாக்கில்லாத ஆளுக்கு இங்க என்ன வேலை?"

லிங்கசாமிக்கு அழுகை வந்தது. [இந்த இடத்தில் மழை பெய்யவைப்பது வழக்கம். அன்றைக்கு நல்ல வெயில்.]

4

அவர் மனைவி வேலாமணியை முதல் பிரதியில் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் கத்தினாள்.

"ஏனுங்க, ஒவ்வொரு டீயையும் வாயில ஊத்திப் பாத்துத்தானே சொல்றீங்க? உங்க ஒடம்புக்கு மட்டும் எதுக்குங்க மசினகுடிக்காரன்?"

"அவரு நெறையப் படிச்சவரு அம்மணி..."

"உங்க ரத்தத்தப் படிச்சாருங்களா?"

மறுநாள் லிங்கசாமி அதே டாக்டரிடம் போய், இந்தத் தடவை முழுசாகக் கேட்டார். விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கிவந்தார். சாறு நின்றது. வேளைக்கு ஒரு பண்டமாக அளவாகச் சாப்பிட்டு, காத்திருந்து, விரலைக் குத்தினார். தனசிங் விஷம் என்ற ஒன்று சர்க்கரையை ஏற்றாமல் சாதுவாகக் கிடந்தது. அமிர்தம் என்ற ஒன்று எகிறிக் குதித்தது. அடப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

5

முடிவு அ: சர்க்கரை இறங்கி, எல்லோரும் சுபமாக... (மருந்துக்கடை காலண்டர் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: லிங்கசாமியே ஒரு குழு தொடங்குகிறார். (நடக்கக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். கொர்னேலியஸ் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு புகைந்த டீயை வரிசையில் கலந்து வைத்தார். லிங்கசாமி உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். "இது பொகைங்க" என்றார். கொர்னேலியஸ் அந்தக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போனார். வேலை தப்பியது. மூன்றாம் மாதப் பரிசோதனை திங்கட்கிழமை. இறங்கியதா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கவலை அதுவல்ல, தெரியும். அப்படி என்னதான் சாப்பிட்டார், வர்க்கி உண்டா, அதைச் சொல்லு என்கிறீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாலு குழுவுக்கு அனுப்பிவிடுவீர்கள். அது லிங்கசாமியின் தட்டு. உங்கள் விரலை நீங்களே குத்திக்கொள்ளுங்கள்.