பெண் வீட்டார் கொண்டுவந்த ஈசிஜி

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற நாயுடு வீடுகளில் என் போட்டோ போய்ச் சேராத வீடே கிடையாது. எல்லாம் என் அம்மாவின் கைங்கரியம். போட்டோவுக்குக் கீழே விவரமும் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். பெயர் சைத்ரா, ஊர் பெரியநாயக்கன்பாளையம், அப்பாவுக்கு பம்ப் வார்ப்படம் போடும் ஃபவுண்டரி, பெண் டாக்டர். அதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன டாக்டர் என்று எழுதினால் ஜாதகம் பொருந்தினாலும் பையன் பொருந்தமாட்டான் என்று அவளுக்குப் பயம்.

பயத்தில் தப்பில்லை. நான் நோயியல் துறை உதவிப் பேராசிரியர். அதிலும் இதயம், அதிலும் திடீரென்று நின்றுபோன இதயம். கல்லுக்குண்டு மாதிரி இருந்த ஆள் பந்து விளையாடும்போதோ படியேறும்போதோ பொசுக்கென்று போய்விட்டால், அவருடைய இதயம் ஃபார்மலின் வாளியில் என் மேஜைக்கு வரும். அது ஏன் நின்றது என்று நான் சொல்லவேண்டும். இந்த வேலை எனக்குப் பைத்தியமாகப் பிடிக்கும். வெளிநாட்டில் போய்க் கட்டுரை வாசித்து, வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் அத்தைக்காரி, "அந்தக் கையிலயா சோறு திங்கறே?" என்கிறாள். வேறெந்தக் கையில் தின்பதாம்?

ஆதர்ஷின் இதயமும் அப்படித்தான் வந்தது. கோபிசெட்டிபாளையத்துப் பையன். அப்பாவுக்கு வாழையும் தென்னையும் ஒரு நூல் மில்லும் உண்டு. கோயமுத்தூரில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் இதயத்தின் வலது பக்கத்தில் தசை இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் கொழுப்பு பிடித்திருந்தது. இது பரம்பரையாக வருகிற கோளாறு. இருப்பதே தெரியாமல் உள்ளே இருக்கும். வேகமாக ஓடினால் அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே அவன் வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். எங்கள் துறையிலிருந்து அவன் அப்பா வெங்கடபதிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும், "ஆகட்டுங்க, வாரோமுங்க" என்றார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். அது மரியாதை இல்லை. ஆகட்டுங்க என்போம், போகமாட்டோம். எங்கள் துறைத் தலைவர் விமலாராணி மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு, "நம்மகிட்ட வர்றவங்கள்ல செத்தவங்கதான் டயத்துக்கு வர்றாங்க, சைத்ரா" என்றார்.

மாதங்கள் போயின. ஒருநாள் போனில் ஒரு போஸ்டர் பார்த்தேன். ஆதர்ஷின் வருஷ நினைவு நாளுக்கு கோபியில் ஓட்டமாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. தலைமையேற்று ஓடுபவர் தம்பி யஷ்வந்த். அண்ணன் படம் போட்ட டீ-சர்ட்டில் பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கும் அதே இதயமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் இரண்டாவது பையனையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே இழக்கும்.

உடனே அவர்கள் வீட்டு நம்பருக்குப் போட்டேன். எடுத்தது ஆதர்ஷின் அம்மா பங்காரம்மா. பெற்றவளிடம் போனில் இதை எப்படிச் சொல்வது?

"நான் கோயமுத்தூர்ல டாக்டருங்க. பேரு சைத்ராங்க. ஒருவாட்டி ஊட்டுக்கு வந்து எல்லாரையும் பாக்கோணுமுங்க" என்றேன்.

"எந்த ஊருங்க அம்மணி?"

"பெரியநாயக்கன்பாளையமுங்க."

"ஓ! ஃபவுண்டரிக்காரர் புள்ளைங்களா?" அந்தக் குரலில் திடீரென்று ஒரு குழைவு. "வாங்க கண்ணு, வாங்க. வியாழக்கிழமை நல்ல நாளுங்க."

நல்ல நாள் என்ற சொல்லில் நான் உஷாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை. சந்தோஷமாகப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை இதயப் பிரிவு ஈசிஜி டெக்னீஷியன் ஷாநவாஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பையில் கையடக்க மெஷின், ஒயர்கள், பசை. போய் இறங்கினால் வாசல் நிறையக் கோலம், வாசலை அடைத்துக் கார்கள். கூடத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை என்று ஒரு பட்டாளமே பட்டும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தது. நடு நாற்காலியில் யஷ்வந்த், புதுச் சட்டையில், வேர்த்து விறுவிறுத்துப்போய். என்னைப் பார்த்ததும் ஒரு அத்தை பக்கத்து அத்தையின் காதில், "பொண்ணே நேர்ல வந்துருக்குது பாரு, கோயமுத்தூர்ப் பழக்கமாட்ட இருக்குது" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாவு நடந்த வீட்டில் வருஷம் முடிந்த கையோடு ஒரு நல்ல காரியம் செய்துவிடவேண்டும் என்று தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அனுப்பிய போட்டோ பங்காரம்மாவின் போனில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறேன்!

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். "போட்டோக்காரருக்கு ஒரு எளநி வெட்டிக் கொடுங்கப்பா" என்றார் வெங்கடபதி, ஷாநவாஸின் பையைப் பார்த்து. கருகருவென்று மீசை வைத்த, வஞ்சனையில்லாத மனிதர். ஷாநவாஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வந்த விஷயத்தை எடுத்த எடுப்பில் போட்டு உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ஆகட்டுங்க, வாரோமுங்க" என்று கும்பிடு போட்டு அனுப்பிவைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பையன் ஓடியிருப்பான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். ஒப்புட்டு, நெய், சந்தகை, தேங்காய்ப் பால். பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைத்துச் சாப்பிடுவோம். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவோம். கூடமே என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குறும்பு வந்ததோ!

"பையனுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப்போட்டுத்தானுங்க கை நனைப்பேன்" என்றேன்.

பெரிய மாமா ஒருவர் தொடையைத் தட்டினார். "சரியாத்தானுங்க கேக்குது புள்ளை! டாக்டர் ஊட்டுல ஜாதகத்துக்குப் பதிலா இதைத்தான் பாப்பாங்க போல!"

யஷ்வந்தை உள்ளறைக் கட்டிலில் படுக்கவைத்தோம். ஷாநவாஸ் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினார். பையனின் இதயம் குதிரை மாதிரி ஓடியது. பார்த்தால், கண்ணில் தண்ணீர்.

"டாக்டர்" என்று கிசுகிசுத்தான். "தப்பா நெனைக்காதீங்க. எனக்கு மதுக்கரையில ஒரு பொண்ணு இருக்குதுங்க. தேஜஸ்ரீன்னு பேரு. ஊட்டுல இன்னும் சொல்லலீங்க."

"அதைச் சொல்றதுக்கா இந்த அடி அடிக்குது? மூச்சை மெதுவா உடு தம்பி. நான் உன்னையக் கட்டிக்க வரல."

சொன்னதும் துடிப்பு படிப்படியாக இறங்கியதே, அதைக் காகிதத்தில் பார்த்தது அலாதி சுகம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, பொய் சொல்வானேன், பையன் லட்சணமாகத்தான் இருந்தான். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. இது முதல்படிதான், ஸ்கேன் பார்த்துத்தான் முழுதாகச் சொல்லமுடியும். இருந்தாலும் எனக்கு அங்கேயே தட்டாமாலை சுற்றவேண்டும் போலிருந்தது.

வெளியே வந்து, "நல்லா இருக்குதுங்க" என்றதும் ஒரே ஆரவாரம். வெங்கடபதி பூரித்துப்போனார்.

"பையனுக்கு மட்டும் எதுக்குங்க? எங்க வம்சமே இரும்புங்க! எனக்கும் எடுங்க, எல்லாருக்கும் எடுங்க, பாத்துபோட்டுச் சொல்லுங்க!"

சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் உள்ளே போனார். பின்னாலேயே வரிசை. எந்தப் பெரியப்பா முதலில் போவது என்று, "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று மரியாதைப் போட்டி வேறு. மாசக்கணக்காகப் போன் போட்டும் வராத குடும்பம், சம்பந்தத்துக்கென்றதும் பந்திக்கு முந்துவதுபோல நின்றது. நான் சிரித்த சிரிப்பில் ஒரு அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஷாநவாஸ் உள்ளேயிருந்து, "மேடம்" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

வெங்கடபதியின் காகிதத்தை வாங்கினேன். நெஞ்சின் வலப்பக்கத்து அலைகள் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொரு துடிப்பின் வாலிலும், அங்கே இருக்கக்கூடாத ஒரு சின்ன முடிச்சு. நடுநடுவே தாளம் தப்பிய ஒரு துடிப்பு. இந்த இதயத்தை எனக்குத் தெரியும். இதை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க, எப்பவாவது மயங்கி விழுந்துருக்கீங்களாங்க?"

அவர் மனைவிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார். "மோட்டார் ரூம்புகிட்ட ஒருக்கா, வாழைக்காட்டுல ஒருக்கா. வெயிலுன்னு உட்டுபோட்டேனுங்க."

"ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு நீங்களும் போறீங்களா?"

"பின்னே? முன்னாடி ஓடறதே நானுங்க. யஷ்வந்து எனக்குப் பொறகாலதான். பையன் உட்ட ஓட்டத்தை அப்பன் முடிக்கோணுமில்லீங்க? அஞ்சாறு மாசமா விடியக்காலம் பழகிக்கிட்டு இருக்கறேன்."

தம்பியைக் காப்பாற்ற வந்தேன், அப்பாவைப் போஸ்டரில்கூடப் போடவில்லை! இனிமேல் விளையாட முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் யார், என்ன வேலை செய்கிறேன், எதற்கு வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவருகே பங்காரம்மா வந்து நின்றிருந்தார்.

வெங்கடபதி எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் ஒயர்கள் தொங்கின.

"என்ற ஆதர்ஷோட நெஞ்சை நீங்கதான் பாத்தீங்களாங்க?"

"ஆமாங்க."

"கையில எடுத்துங்களா?"

"கையில எடுத்துத்தானுங்க. பத்திரமா வெச்சுப் பாத்தேனுங்க."

பங்காரம்மா வந்து என் வலது கையைப் பிடித்தார். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அதைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அத்தனை மாநாடுகளில் அத்தனை பேர் கைதட்டியபோதும் எனக்கு இப்படி ஆனதில்லை.

"அப்ப என்றகிட்ட இருந்துதான் அவனுக்குப் போச்சுங்களா?" என்றார் வெங்கடபதி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் நான் சொல்லவில்லை.

"ஆமாங்க. உங்க அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ இருந்து உங்களுக்கு வந்துருக்குது. யாரும் கேட்டு வாங்கலீங்க, யாரும் தெரிஞ்சு கொடுக்கலீங்க. ஆனா ஒண்ணுங்க. ஆதர்ஷ் நெஞ்சைப் பாத்ததுனாலதான் இன்னிக்கு உங்களைப் பாக்க வந்தேன். உங்க பையன்தானுங்க என்னைய இங்க அனுப்பி வெச்சது."

"அப்படீங்களா" என்றார் அவர். "அனுப்பி வெச்சுபோட்டானா. அவன் அப்படித்தானுங்க, எதையும் நேருல சொல்லமாட்டான்." அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே மீசை துடித்தது. பிறகு ஆகட்டுங்க என்று சொல்லாமல், "எப்பப் போலாமுங்க?" என்று கேட்டார். நான் இலையில் போய் உட்கார்ந்து வெட்கமில்லாமல் ஒப்புட்டு தின்றேன். அன்று சாயங்காலமே அவரை எங்கள் காரில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் இதயப் பிரிவில் சேர்த்தோம். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் சின்னக் கருவி ஒன்றை அவருடைய தோளெலும்புக்குக் கீழே வைத்தார்கள். யஷ்வந்துக்கு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, ஆனாலும் வருஷாவருஷம் வந்து காட்டவேண்டும். வரிசையில் நின்ற பெரியப்பா, சித்தப்பாக்களும் வந்து பரிசோதனை செய்துகொண்டார்கள். மதுக்கரைப் பெண்ணை, "டாக்டர் பொண்ணுக்குப் பையன் வேண்டாமாம்" என்ற சாக்கில் பேசி முடித்துவிட்டார்கள். என் பெயர் கெட்டதுதான் மிச்சம். என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தள்ளிப்போட்ட ஓட்டம் மார்கழியில் நடந்தது. வெங்கடபதி ஓடக்கூடாது, மெதுவாக நடக்கலாம் என்று இதய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஊரே டீ-சர்ட் போட்டுக்கொண்டு நின்றது. கல்லூரிப் பையன்கள், போலீஸ்காரர்கள், மில் பெண்கள், ஓடியே பழகிய கட்டுமஸ்தான ஆட்கள். கொடியசைத்ததும் வெங்கடபதி முன்னால் கைவீசி நடக்க ஆரம்பித்தார். ஒருவரும் அவரைத் தாண்டவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரை முந்திக்கொண்டு ஓட எங்கள் ஆட்களுக்கு எப்படி மனசு வரும்? ஓட வந்த கூட்டம் முழுதும், "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க முன்னாடி" என்று அவருக்குப் பின்னால் பொடிநடையாக நடந்தது. முதல் பரிசுக் கோப்பை வண்டியில் சும்மா வந்தது.

வயல் ஓரமாகத் திரும்பும் இடத்தில் மனிதருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கால் எட்டிப்போட்டார். எனக்குப் பக்கத்தில் நடந்த பங்காரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்தினார்.

"ஏனுங்க! மெதுவாப் போங்க, நெஞ்சு கேக்குதா உங்களுக்கு?"

அவர் அப்படியே நின்றார். ஊரே பின்னால் நின்றது. நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, திரும்பி எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"கேக்குதுங்க! நெம்ப நல்லாக் கேக்குது!"